கல்லிடைக்குறிச்சியில் பள்ளி தேடுறீங்களா? மதியச் சாப்பாட்டு நேரத்துல போங்க!

பிள்ளைகளின் படிப்புக்காக ஊர் மாறும் குடும்பங்கள் கல்லிடைக்குறிச்சியைத் தாராளமாக யோசிக்கலாம். தாமிரபரணிக் கரை, பேர்போன அப்பளம், நெல்லை - செங்கோட்டை ரயில், தலைமுறைகளைப் படிக்கவைத்த திலகர் வித்யாலயா பள்ளி... வேறென்ன வேண்டும்?

எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இந்தப் பக்கத்துக்கு அது பழைய பிரச்னை. வ.வே.சு. ஐயர் 1922-ல் இங்கே தொடங்கிய குருகுலம், பிறகு இதே ரயில் பாதையில் இருக்கும் சேரன்மாதேவிக்கு மாறியது. தமிழ்நாடு காங்கிரஸ் 5,000 ரூபாய் கொடுத்தது. தேசியக் கல்வி, கைத்தொழில் எனப் பாடத்தில் குறையில்லை. ஆனால், பிராமணப் பிள்ளைகள் சிலருக்கு மட்டும் தனிப் பந்தி! பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பது ஐயர் தரப்பு. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. 1925-ல் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். அதே ஜூனில், கல்லிடைக்கு மேற்கே பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் உயிரிழந்தார் என்பது தனிச் சோகம்.

இன்று அட்மிஷனுக்குப் போகிறவர்கள் ரிசல்ட் போர்டை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், மதிய மணி அடித்ததும் யார் பக்கத்தில் யார் டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள் என்று ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம்.