முதலெழுத்தும் முழுப்பெயரும்

வகுப்பு வரவு இடாப்பை விரித்து நாள்தோறும் பெயர் கூப்பிடுவது எமது தொழில். ஒரு தலைமுறைக்கு முன் அவ்விடாப்பில் முருகனின் பெயர்களும் அம்மனின் பெயர்களுமே நிறைந்திருந்தன. இன்றோ டி, டு, ல என்று தொடங்கும் பெயர்கள் மலிந்துள்ளன. அவற்றுட் பலவற்றின் பொருள், வைத்த பெற்றோருக்கே தெரியாது. கேட்டால், "சாத்திரியார் தந்த எழுத்து" என்பதே விடை.

இவ்வெழுத்துக்கள் எங்கிருந்து வந்தன? சந்திரன் வான்வட்டத்தை ஏறத்தாழ 27 நாட்களிற் சுற்றி வருகின்றது. அவ்வட்டத்தை 27 நட்சத்திரங்களாகவும், நட்சத்திரம் ஒவ்வொன்றையும் நான்கு பாதங்களாகவும் பிரித்து, 108 பாதங்களுக்கும் எழுத்து வகுத்துள்ளனர். அச்சுவினிக்குச் சு, சே, சோ, ல. கார்த்திகைக்கு அ, இ, உ, எ. ஆயிலியத்துக்கு டி, டு, டே, டோ. வடமொழி ஒலிகளை அடியொற்றிய அட்டவணை இது. தொல்காப்பியர் டகரத்தையும் லகரத்தையும் மொழிக்கு முதலில் வரவிட்டாரல்லர். லட்சுமியை நாம் இலட்சுமி என எழுதுவதும் அந்த மரபினாலேயே. திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்கோ 'ங' என்று விதித்திருக்கின்றனர். ஙகரத்திற் பெயர் தேடி அலையும் தகப்பனின் நிலையைக் கண்டு, அதற்குப் பதிலாகக் ககரத்தைக் கொள்ளலாமெனச் சோதிடர்களே விலக்கும் அளித்துள்ளனர். மனிதனின் வசதிக்கு வளைந்து கொடுக்கும் விதியை விண்ணின் கட்டளை என்பது எங்ஙனம்?

மேலும், யாழ்ப்பாணத்தில் வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கங்கள் வழங்குகின்றன. நட்சத்திரம் முடியும் வேளை இரண்டிலும் எப்பொழுதும் ஒத்திருப்பதில்லை. எல்லை வேளையிற் பிறந்த பிள்ளைக்கு ஒன்று ஓர் எழுத்தையும், மற்றது வேறோர் எழுத்தையும் தரக்கூடும்.

ஆயினும் இவ்வட்டவணையில் எமக்குப் பிடித்ததொன்றுண்டு. ஒரு பாதத்துக்கு ஏறத்தாழ ஆறு மணித்தியாலம். அதற்குள் பிரசவ விடுதியிற் பிறக்கும் பிள்ளைகள் யாவர்க்கும், தோட்டக்காரர் பிள்ளைக்கும் வைத்தியர் பிள்ளைக்கும், நகத்துப் பார்க்கும் சிங்களத் தாயின் பிள்ளைக்கும், எழுத்து ஒன்றே. சந்திரன் சாதி பார்ப்பதில்லை. பார்த்தவர்கள் நிலத்திலே இருந்தார்கள்.

உயர்த்தப்பட்ட வீட்டிலே கந்தையாவாக வளர்ந்தவனின் பெயர், ஒடுக்கப்பட்ட குடிசையிலே கந்தன் என்றே நின்றது. 'ஐயா', 'பிள்ளை', 'அம்மை' என்னும் மதிப்பு ஈறுகள் அம்மக்களுக்கு மறுக்கப்பட்டன. சமூகக் குறைபாடுகளை ஒழிக்கும் சட்டம் 1957இல் நிறைவேறியது. மாவிட்டபுரத்திலே 1968இல் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. கதவுகள் சில திறந்தன. ஆனால் பழைய பத்திரங்களில் வெட்டப்பட்ட பெயர்கள் வெட்டப்பட்டபடியே கிடக்கின்றன.

எம்மிடம் கற்ற பெண்ணொருத்தி அண்மையிலே பெண் குழந்தைக்குத் தாயானாள். கணவனின் பாட்டியார் பெயரை, அவருக்கு மறுக்கப்பட்ட 'அம்மை'யையும் சேர்த்து, குழந்தைக்கு இடவேண்டுமென்பது அவள் விருப்பம். மாமனார் இணங்கவில்லை. சாத்திரியாரின் துண்டை நீட்டி, "எழுத்துப் பொருந்தாது" என்றார்.

பெற்ற தாயின் பெயரையே அவர் மறுத்தது எமக்கு வியப்பாயிருந்தது. நெடுநேரத்தின் பின் மெல்லச் சொன்னார்: "சேர், அம்மாவின் பெயரைச் சொன்னால் ஊர் எங்களை இன்னார் எண்டு கண்டுபிடிச்சிடும். இந்த எழுத்திலை வாற பெயரிலை ஒண்டும் தெரியாது."

நாம் வாயடைத்துப் போனோம். பொருளற்றவை என்று நாம் எள்ளிய பெயர்களில், சாதியின் கண்ணிலிருந்து பேத்தியை மறைக்கும் திரையொன்றை அம்முதியவர் கண்டிருக்கின்றார். பகுத்தறிவு பேசுவோர் இவ்வச்சத்தை மூடநம்பிக்கையெனத் தள்ளிவிட இயலாது. அதை விளைத்தது வானமன்று, எமது கிராமம்.

எனினும் அவருக்கு நாம் கூறியது இதுவே: "ஐயா, சாத்திரியாரின் எழுத்துச் சாதகத்தில் இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் உங்கள் தாயார் முழுப்பெயரோடு இருக்கட்டும். ஒளிக்க வேண்டியவர் உங்கள் தாயாரல்லர். அவர் பெயரை வெட்டியவர்களே வெட்கப்பட வேண்டியவர்கள்."

அவர் உடனே விடை கூறவில்லை. முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிவன்று, குழந்தையை மடியிற் கிடத்தித் தாயின் பெயரை ஈறு குறையாமற் காதில் மும்முறை உச்சரித்தார். மூன்றாம் முறை அவர் குரல் தளதளத்தது.

இன்னும் ஐந்தாண்டுகளில் அப்பெயர் ஏதோவொரு வகுப்பு இடாப்பில் ஏறும். அதனைக் கூப்பிடும் ஆசிரியரே, ஈற்றை விழுங்காது முழுமையாகக் கூப்பிடுக. அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என வினவாத வகுப்பை ஆக்குவது உமது கடமை; எமதுமாகும்.