ஒரு நாளுக்கு ஒரு மந்திரம்

மேசையைச் சுற்றிச் சிலர் அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் ஒரு கதையை நடத்திச் செல்லும் விளையாட்டுக்கு அச்சில் முதல் வடிவம் தந்தது, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கி, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து 1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆகும். மூன்று சிறு கையேடுகளாகத் தொடங்கிய அதன் விதிகளைக் கைகாக்ஸ் விரித்தெழுதியபோது, 1978இல் ஆட்டக்காரர்களுக்கான நூலும் 1979இல் ஆட்டத்தை நடத்துபவருக்கான நூலும் வெளிவந்தன. பின்னர் வந்த பதிப்புகளிலிருந்து பிரித்தறிய இவற்றை முதற்பதிப்பு என்று ஆட்டக்காரர்கள் வழங்குவர். அந்த முதற்பதிப்பில் ஒரு மந்திரவாதியை உருவாக்குவதென்பது, அவனுக்கு எவையெல்லாம் வாய்க்கப்போவதில்லை என்பதை ஒவ்வொன்றாக அறிந்துகொள்ளும் வேலையாகவே பெரும்பாலும் அமைகிறது. அந்த இல்லாமைகளே அவனுக்கு முகமும் குணமும் தருகின்றன.

வலிமை, அறிவு, ஞானம், கைவேகம், உடலுறுதி, வசீகரம் என்னும் ஆறு இயல்புகளுக்கும் பகடையே எண் வழங்குகிறது. 1974இன் முறைப்படி ஒவ்வோர் இயல்புக்கும் ஆறுமுகப் பகடைகள் மூன்றை உருட்டிக் கூட்ட வேண்டும் என்பதால், உச்ச எண்ணாகிய 18 விழுவதற்கு 216இல் ஒரு வாய்ப்பே உண்டு. பின்வந்த நூல் நான்கு பகடைகளை உருட்டி மிகச் சிறியதைத் தள்ளிவிடும் முறையை அனுமதித்துச் சற்றே இரக்கம் காட்டியது. மந்திரவாதிக்கு இவற்றுள் தலையாயது அறிவு. மந்திரங்கள் ஆற்றலுக்கேற்ப ஒன்பது படிகளாக வகுக்கப்பட்டிருக்க, ஒன்பதாம் படிக்கு அறிவு 18 வேண்டும் என்றும், 9 மட்டும் உடையவன் நான்காம் படியோடு நின்றுவிட வேண்டும் என்றும் விதி வரையறுக்கிறது.

இதைவிடக் கடுமையானது கற்கும் வாய்ப்பைப் பற்றிய அட்டவணை. அறிவு 18 உடையவன் ஒரு குறிப்பிட்ட மந்திரத்தைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு 85 என்றால், 9 உடையவனுக்கு அது 35. பகடை தவறினால் அந்த மந்திரம் அவனுக்குப் பொதுவாக என்றைக்குமே கைகூடாது. பட்டியல் முழுவதையும் முயன்று முடித்தும் அவனுக்குரிய குறைந்தபட்ச எண்ணிக்கை தேறாதபோது மட்டுமே, விட்டுப்போனவற்றை மீண்டும் முயல விதி இடம் தருகிறது. முதற்படியில் 30 மந்திரங்கள் இருக்க, அறிவு 18 உடையவனும் அவற்றுள் 18க்கு மேல் கற்க முடியாது. நூலகத்தில் உள்ள அத்தனையும் எவனுக்கும் கிட்டுவதில்லை என்னும் இந்த ஏற்பாடு வெறும் தடையாகத் தோன்றலாம்; ஆனால் நெருப்புருண்டை மந்திரத்தைக் கடைசிவரை கற்க இயலாமற்போன ஒரு கூர்மதியாளனும், அவனைவிட மந்தமானவனாக இருந்தும் அதை முதல் முயற்சியிலேயே கைக்கொண்ட அவன் தோழனும் ஒரே குழுவில் நடக்கும்போது, எந்த ஆட்டக்காரரும் முன்கூட்டி எழுதியிராத ஓர் உறவு, பொறாமையும் மதிப்பும் கலந்ததாக, அவ்விருவரிடையே தானாக முளைக்கிறது.

உடலைப் பொறுத்தவரை விதி இன்னும் சிக்கனமானது. அடிபட்டுத் தாங்கும் அளவைக் குறிக்கும் உயிர்ப்புள்ளிகளை மந்திரவாதி நான்குமுகப் பகடையில் உருட்டுவதால், உடலுறுதி சிறப்பாக அமையாத தொடக்க நிலை மந்திரவாதிகளில் நால்வருக்கு ஒருவர் ஒரே ஒரு புள்ளியோடு பயணம் புறப்படுகிறார். கவசம் அணியக் கூடாது. வாள் ஏந்தக் கூடாது. குத்துவாள், எறியம்பு, தடி ஆகியவற்றோடு அவன் நிறைவடைய வேண்டும். மந்திரத்தைச் சொல்லத் தொடங்கி முடிக்குமுன் அடிபட்டால் அந்த மந்திரமும் வீணாகிவிடும் என்பதால், அவனுக்கு முன்னே யார் நிற்கிறார்கள் என்பதே அவன் வாழ்வைத் தீர்மானிக்கிறது.

மந்திரம் சொல்லும் முறை ஜாக் வான்ஸ் என்னும் அமெரிக்க எழுத்தாளரிடமிருந்து வந்தது. சூரியன் அணையும் தறுவாயில் இருக்கும் தொலைதூர எதிர்காலப் பூமியைக் களமாகக் கொண்டு 1950இல் வெளிவந்த அவருடைய ‘தி டையிங் எர்த்’ நூலின் மந்திரவாதிகள், ஏடுகளைப் படித்துச் சில மந்திரங்களை மட்டும் மனத்தில் ஏற்றிக்கொள்வர். ஒன்றைச் சொன்ன கணத்தில் அது நினைவிலிருந்து அழிந்துபோகும். கைகாக்ஸ் அதையே விதியாக்கினார். அனுபவத்தால் உயரும் நிலைகளுள் முதல் நிலையில் உள்ள மந்திரவாதி, உறங்கி எழுந்து, தன் ஏட்டை விரித்து, கால் மணி நேரம் படித்து ஒரே ஒரு மந்திரத்தை மனத்தில் பதிக்கிறான். சொன்னதும் அது போய்விட, மறுபடி ஓய்வெடுத்துப் படிக்கும்வரை அவன் தடி பிடித்த சாதாரண மனிதனாகிறான். தமிழில் உருவேற்றுதல் என்னும் சொல் இதற்கு நேர் எதிரான நம்பிக்கையைச் சுமந்து நிற்கிறது: ஆயிரம் உரு, லட்சம் உரு என்று சொல்லச் சொல்ல மந்திரம் வலுப்பெறும், சொல்பவனோடு ஒன்றிவிடும் என்பது அதன் உட்பொருள். வான்ஸின் மந்திரமோ செலவழியும் பொருள், சொல்வதே அதை இழப்பது. ஆகவே இவ்விளையாட்டில் ‘மனனம்’ என்று தமிழில் எழுதும்போதெல்லாம், விதைநெல்லை எடுத்துவைப்பது போன்ற ஒரு சேமிப்பையே அச்சொல் குறிக்கிறது என்று கொள்வது தகும்.

ஏட்டில் முதலில் என்ன இருக்கும் என்பதிலும் ஆட்டக்காரரின் விருப்பத்துக்குச் சிறிய இடமே உண்டு. பிறர் எழுதிய மந்திரங்களை வாசிக்க உதவும் மந்திரம் எல்லாருக்கும் உரியது. அதனோடு தாக்குதல், காப்பு, பலவகை என்னும் மூன்று பட்டியல்களிலிருந்து பத்துமுகப் பகடையை உருட்டி ஒவ்வொன்று பெறும்படி 1979இன் நூல் வகைசெய்கிறது. பகடை உரிய எண்ணில் நின்றால்தான் ஆட்டக்காரர் தாமே தேர்ந்துகொள்ளலாம். தாக்குதல் பட்டியலில் துயில் மந்திரம் விழுந்தால் குழுவே மகிழும், ஏனெனில் சிறிய எதிரிகளை 4 முதல் 16 பேர் வரை ஒரே சொல்லில் வீழ்த்தும் அதற்கு, தப்பிக்கும் பகடையை உருட்டும் உரிமையும் எதிரிக்குக் கிடையாது. அதே பட்டியலில் வெறும் தள்ளும் மந்திரமும் விழலாம். காப்புப் பட்டியலில் குரலை வேறோர் இடத்திலிருந்து எழுவதுபோல் காட்டும் மந்திரம் விழக்கூடும்.

துயில் மந்திரம் பெற்றவன் பாதுகாப்பானவன் என்பதில் ஐயமில்லை. ஆனால் சுவையான பாத்திரம் குரல் மாற்றுபவனே. துயிலுடையவனுக்கு ஒவ்வொரு காலையிலும் விடை முன்பே தெரிந்திருக்கிறது. குரல் மாற்றுபவனோ, பாதாள அறையின் வாசலில் நிற்கும் காவலன் எதற்கு அஞ்சுவான், எந்தத் திசையிலிருந்து எழும் குரல் அவனை நகர்த்தும், யாருடைய குரலாக அது இருக்க வேண்டும் என்றெல்லாம் எண்ணிப் பார்த்தாக வேண்டும். இவ்வாறு எண்ணி எண்ணிப் பழகிய பாத்திரம் சில மாதங்களில் சூழ்ச்சிக்காரனாகவோ கோமாளியாகவோ மாறிவிடுவதற்கு, தொடக்கத்தில் விழுந்த அந்த ஒரு பகடையே காரணம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்புக்குப் பின், இருபது நிலைகளுக்கும் என்னென்ன திறன் பெறுவது என்று முதல் நாளே திட்டமிட்டு, கட்டடம்போல் பாத்திரத்தை எழுப்பும் வழக்கம் பரவியது. அதற்குரிய நுட்பமும் இன்பமும் உண்மையானவை, ஆயினும் வளர்ப்பு என்னும் சொல்லுக்கு முதற்பதிப்பே மிகப் பொருந்துகிறது.

மந்திரத்துக்குத் தேவையான பொருள்களைப் பற்றிய குறிப்புகளிலும் நூலாசிரியரின் மனம் தெரிகிறது. நெருப்புருண்டைக்கு வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். வௌவால் எச்சத்திலிருந்து வெடியுப்பு எடுக்கப்பட்டதையும் கந்தகம் வெடிமருந்தின் ஓர் உறுப்பு என்பதையும் அறிந்தவருக்கு அதன் காரணம் விளங்கும். மின்னல் மந்திரத்துக்குச் சிறிது விலங்கு மயிரும் அம்பர் அல்லது கண்ணாடிக் கோலும் வேண்டும். தேய்த்தால் நிலைமின்சாரம் பிறக்கும் பொருள்கள் அவை. பிறர் எண்ணத்தை அறிவதற்கு ஒரு செப்புக்காசு வேண்டும் என்பது, மௌனமாக இருப்பவரிடம் ‘உன் எண்ணத்துக்கு ஒரு காசு’ என்று கேட்கும் ஆங்கில வழக்கிலிருந்து பிறந்தது. இப்பொருள்களைப் பையில் சுமந்து திரிபவன் என்று எண்ணும்போது, மந்திரவாதி மருந்துப் பெட்டியோடு ஊர் ஊராக நடக்கும் நாட்டு வைத்தியரைப் போன்ற கைத்தொழிலாளியாகத் தோன்றுகிறான்.

நூலில் உள்ள சில மந்திரங்கள் ஆட்களின் பெயர் தாங்கியவை. அப்பெயர்களுள் பல கைகாக்ஸின் வட்டத்தார் ஆடிய பாத்திரங்களுடையவை. மோர்டன்கைனன் கைகாக்ஸின் சொந்தப் பாத்திரம். டிராமிஜ் என்பது ஜிம் வார்டு என்னும் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக்கியது. டென்சர் என்பது கைகாக்ஸின் மகன் எர்னஸ்டின் பெயரெழுத்துகளை இடம் மாற்றியமைத்தது. அந்த டென்சரின் பெயரால் முதற்படியில் உள்ள மந்திரம் எவரையும் தாக்குவதில்லை: மூன்றடி விட்டமுள்ள ஒரு மாயத் தட்டு தோன்றி, முதல் நிலை மந்திரவாதிக்கு நூறு ராத்தல் எடையைச் சுமந்துகொண்டு பின்னால் மிதந்து வரும். முதற்பதிப்பில் எதிரியைக் கொல்வதைவிட, புதையலைப் பாதாளத்திலிருந்து மேலே கொண்டுவருவதற்கே அனுபவப் புள்ளிகள் மிகுதி. இரண்டாம் நிலையை எட்ட 2,501 புள்ளி தேவைப்படும் மந்திரவாதிக்கு, திருடன் என்னும் பாத்திர வகைக்குத் தேவையானதைப்போல் இரு மடங்கு பொன் வெளியேற வேண்டும். ஆகவே அன்றைய ஒரே மந்திரமாகத் துயிலை விட்டுத் தட்டை மனனம் செய்து இறங்குபவன், வழியெல்லாம் நிராயுதபாணியாக, வெறும் சுமைகாரனாகத் தோழர்களின் முதுகுக்குப் பின்னே நடக்கிறான். திரும்பும்போது மந்திரத்தின் நேரம் முடியுமுன் வெளிச்சத்தை அடைந்தாக வேண்டும், இல்லையெனில் தட்டு மறைந்து, அவன் அடுத்த நிலைக்குச் சேர்த்துவைத்த பொன் முழுவதும் இருளில் தரையெங்கும் சிதறிவிடும்.