வெளிச்சம் உள்ளே, வெயில் வெளியே

கயிறு பிடித்து அளப்பதற்கு முன்னால் அந்தக் கொட்டகை மேஸ்திரி ஒரு கடப்பாரையை மண்ணில் நட்டு, அதன் நிழல் விழும் திசையைப் பார்த்தார். சென்னிமலைக்கும் காங்கேயத்துக்கும் நடுவே ஒரு தோட்டம். பத்துக் கறவை மாடுகளுக்குப் புதிய கொட்டகை எழும்பப்போகிறது.

பழையது பக்கத்திலேயே நின்றது. நான்கு புறமும் ஆளுயரச் சுவர், மேலே சிமெண்ட் ஷீட், இரண்டு சிறு ஜன்னல்கள். திருட்டுக்கும் வாடைக்காற்றுக்கும் பயந்து கட்டியது. நடுப்பகலில் உள்ளே போனபோதும் கண் பழகச் சற்று நேரம் பிடித்தது. தரையில் கோமியம் காயாமல் கிடந்தது. மாடுகளே வாசலில் தயங்கித்தான் உள்ளே நுழைகின்றன. கால்நடைகளின் நடத்தையை ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி டெம்பிள் கிராண்டின் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்: வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குள் நடக்க மாடு மறுக்கும், தரையில் விழும் கூர்மையான நிழலைக் கண்டாலும் நின்றுவிடும். இது தெரியாமல் தும்பைப் பிடித்து இழுத்து, அடித்து உள்ளே தள்ளுகிறோம்.

அங்கே பால் கறக்க வரும் அம்மாவிடம் பேசினேன். இருட்டின் விலை என்னவென்று அவருக்குத்தான் நன்றாகத் தெரிந்திருந்தது. "முதல் பீச்சுல பால் திரிதிரியா வந்தா மடிநோவுங்க. இதுக்குள்ள அது எங்கீங்க தெரியுது? வெளிய கொண்டாந்து பாத்தாத்தான் உண்டு" என்றார். குளம்பில் புண், காதோரம் உண்ணி, சாணத்தின் பதம் எல்லாமே கண்ணால் பார்த்துப் பிடிக்க வேண்டியவை. சினைப்பருவமும் அப்படியே. கண்ணாடிபோல் வழும்பு தொங்குவதை ஒரு வேளை கவனிக்காமல் விட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாளும் தீவனச் செலவு நிற்காது. கொட்டகைக்கு வெளிச்சம் வேண்டும் என்று பேசும்போது நாம் மாட்டை மட்டுமே நினைக்கிறோம். தினமும் இரண்டு வேளை அங்கே குந்தி உட்கார்ந்து வேலை செய்யும் பெண்ணின் கண்ணையும் முதுகையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

மாட்டின் உடம்புக்கும் வெளிச்சம் வேலை செய்கிறது. ஒரு நாளில் எத்தனை மணி நேரம் வெளிச்சம் என்பதைக் கண் வழியே மூளை அளக்கிறது. வெளிச்சம் நீண்டால் மெலடோனின் சுரக்கும் நேரம் குறைகிறது, பால் கூடுகிறது. 1978இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த பல ஆய்வுகளும் 16 முதல் 18 மணி நேர வெளிச்சம் பெறும் மாடு நாளுக்குச் சுமார் 2 கிலோ பால் கூடுதலாகத் தருவதைக் காட்டின. மிச்ச நேரம் இருட்டாகவே இருக்க வேண்டும். இரவு முழுக்க விளக்கெரித்தால் இந்தப் பலன் கிடைக்காது. கறவை வற்றிய சினைமாட்டுக்குக் கணக்கு தலைகீழ்: அதற்கு 8 மணி நேர வெளிச்சம் போதும், அடுத்த ஈற்றில் பால் நன்றாக இறங்கும்.

நம் ஊரில் ஆனி மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. மார்கழியில் பதினொன்றரை மணி நேரம்தான். அந்தப் பகலையும் சுவர் வைத்துத் தடுத்துவிட்டால் கறவை மாட்டுக்கு என்ன மிஞ்சும்? குறையும் நேரத்தை விடியுமுன்னே விளக்குப் போட்டுத்தான் ஈடுகட்ட வேண்டும்.

ஆனால் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியதை அப்படியே இங்கே இறக்கினால் மாடு செத்துப்போகும். கலப்பினப் பசுவுக்குச் சித்திரை வெயில் எமன். மேஸ்திரியின் தொழில் நுட்பம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. "வெளிச்சம் வோணுமுங்க, வெயிலு வேண்டாமுங்க" என்றார்.

கொட்டகையின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தார். பக்கச் சுவர் மூன்றடி, அதற்கு மேல் திறப்பு. கூரையின் எறவாரம் எட்டடி உயரத்தில், சுவரைத் தாண்டி இரண்டரை அடி நீளும். சித்திரையில் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும்போது உள்ளே ஒரு கீற்று வெயிலும் விழாது. ஆனியில் சூரியன் சற்று வடக்கே சாயும், அப்போதும் எறவாரம் மறைத்துவிடும். மார்கழியில் தெற்கே நன்றாகச் சாயும்போது உச்சிப்பொழுதில் மூன்றடி தூரம் வரை வெயில் எட்டிப் பார்க்கும். குளிர்காலத்தில் அது நல்லது, ஈரம் காயும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்ந்து வரும் வெயிலுக்குத் தென்னந்தடுக்கு. அன்று இரண்டு பெண்கள் ஊறவைத்த மட்டைகளைப் பிளந்து, வேப்ப நிழலில் அதை முடைந்துகொண்டிருந்தார்கள். பேச்சு நடந்துகொண்டே இருந்தது; விரல்கள் நிற்கவில்லை.

கூரையில் பதிக்கும் வெளிச்ச ஷீட்டை எங்கே வைப்பது என்று கேட்டேன். வடக்குச் சரிவில் வைக்கச் சொல்லும் கையேடுகளைப் படித்திருந்தேன். அவர் மறுத்தார். கடும் வெயில் மாதங்களில் இங்கே சூரியன் தலைக்கு மேலும் வடக்கிலும்தான் இருக்கிறது. வடக்குச் சரிவு பாதுகாப்பில்லை. அதனால் மாடு நிற்கும் இடத்துக்கு மேலே வைக்காமல், நடைபாதைக்கு மேலே மட்டும் இரண்டு ஷீட் வைப்பாராம். மீதி வெளிச்சத்தைச் சுண்ணாம்பு அடித்த சுவர் திருப்பிக் கொடுக்கும்.

கூரைக்கடியில் கிடைக்கும் வெளிச்சத்தால் தீராத தேவை ஒன்றும் உண்டு. தோலில் வைட்டமின் டி உண்டாக நேர் வெயில் வேண்டும். அதற்குரிய புற ஊதாக் கதிர் ஷீட்டில் நின்றுவிடும். அந்தச் சத்து குறைந்தால் கால்சியம் உடம்பில் சேராது. ஆகவே கொட்டகையை ஒட்டித் தெற்கே ஒரு திறந்த பட்டியும் கயிறு பிடித்தாயிற்று. காலை வெயிலில் மாடுகள் அங்கே நிற்கும்.

புறப்படும்போது மேஸ்திரி தோட்டத்துக்காரரிடம் சினைமாட்டை எந்த மூலையில் கட்டுவீர்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். பதில் சொன்னது கறவைக்கார அம்மா. வடமேற்கு மூலையைக் காட்டி, காலை விளக்கு அங்கே படாமல் ஒரு தடுக்கு கட்டச் சொன்னார். மேஸ்திரி அந்த இடத்தில் முளைக்குச்சி அடித்தார்.