புள்ளி விழாத எழுத்து

ஈரோட்டில் தோழியின் பேத்திக்குக் காதுகுத்தும் முதல் பிறந்தநாளும் ஒரே நாளில் வைத்திருந்தார்கள். கேக்கின் மேல் செருகியிருந்த பொன்னிற அட்டையில் என் கண் நின்றுவிட்டது. 'பிறந்தநாள் வாழ்த்துகள்' என்று தமிழில் வெட்டியிருந்தது. கேக் கடைகளில் நான் பார்த்த அட்டைகள் எல்லாம் ஆங்கிலம்தான். இதில் ஐந்து புள்ளிகளும் இருந்தன. ஒவ்வொரு புள்ளியும் சின்னப் பூவாகி, மெல்லிய காம்போடு எழுத்தின் தலையில் நின்றது. காம்பு இல்லாவிட்டால் அந்தப் பூ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்? இதைச் செய்தவருக்குத் தமிழும் தெரிந்திருக்கிறது, கத்தியும் தெரிந்திருக்கிறது.

"கருங்கல்பாளையத்துப் பொண்ணு. வீட்லயே செய்யுது. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் வா" என்றாள் தோழி.

காவிரிக்குப் போகும் வழியில் ஒரு சந்து. முன்னறையில் பழைய தையல் மேசை, அதன் மேல் கட்டிங் மெஷின். பார்க்கப் பிரிண்டர் போலத்தான் இருக்கிறது. மைக்குப் பதிலாக உள்ளே பென்சில் முனை அளவு பிளேடு. 12 அங்குலச் சதுர விரிப்பில் பசை தடவியிருக்கிறது, அதை 'மேட்' என்கிறார்கள். அதில் அட்டையை ஒட்டி உள்ளே விட்டால், மெஷின் அதை முன்னும் பின்னும் இழுத்து வெட்டுகிறது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். திண்ணைக் கட்டிலில் அவருடைய அப்பா.

"மெஷின் வெட்டறதுக்கு நாலு நிமிசம் போதுங்கக்கா. அதுக்கு முன்னாடிதான் வேலையே" என்றார்.

அந்த முன்னாடி வேலையைப் பார்க்கத்தான் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிளேடின் ஆழம், அழுத்தம், வேகம் என்று அவர் மாற்றிய எண்களை நான் பின்தொடரவில்லை. கணினித் திரையில் நடந்தது மட்டும் மனதில் பதிந்தது.

பிளேடுக்குப் படம் தெரியாது. கோடு எங்கே கிளம்புகிறது, எங்கே மூடுகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். நம் போனில் இருக்கும் ஜேபிஜி படம் வாசலில் வைத்த வெறும் புள்ளிகள் மாதிரி. மெஷின் கேட்பது எஸ்விஜி. அது சிக்குக்கோலம் மாதிரி, கோடு வளைந்து வளைந்து புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும். புள்ளிகளின் விளிம்பைப் பிடித்துக் கோடாக்குவதற்கு 'டிரேஸ்' என்று பெயர். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளே அதைச் செய்துவிடும். ஆனால் நல்ல கோடு வர, நல்ல படம் வேண்டும்.

ஒரே மயில் படத்தை இரண்டு விதமாகக் காட்டினார். ஒன்று வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்தது, மற்றது டாக்குமெண்டாக வந்தது. போட்டோவாக வரும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் மயில் கழுத்தின் ஓரமெல்லாம் பிசிறு. டிரேஸ் செய்தால் கோட்டில் ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். 'நோட்' என்கிறார்கள். "ஒவ்வொரு நோட்லயும் பிளேடு கொஞ்சம் தயங்குங்க. தயங்குற எடத்துல அட்டை பஞ்சு மாதிரி வந்துரும்." பிசிறைத் துடைத்து, முடிச்சுகளை நீக்கி, வளைவை மறுபடி இழுத்துச் சரிசெய்ய அரைமணி நேரம் ஆனது. டாக்குமெண்டாக வந்த படத்துக்கு ஐந்து நிமிடம்.

எழுத்து என்றால் வேலை இன்னும் கூடும். பாமினியில் தட்டச்சு செய்த பெயர், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் வந்தால், பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு இடம் மாறி எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அதனால் எழுத்தைச் சரிபார்த்ததும் 'கர்வ்' போட்டுவிடுகிறார். கோரல் டிரா மென்பொருளில் கண்ட்ரோல் கியூ. அதன் பிறகு அது எழுத்தல்ல, வெறும் கோடு. எந்தக் கணினியிலும் மாறாது, ஆனால் பிழை இருந்தால் திருத்தவும் முடியாது. அவரிடம் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று ஃபைல்கள் இருப்பது இதனால்தான். வந்த படம் 'மூலம்', திருத்தக்கூடிய எழுத்தோடு இருப்பது 'திருத்தம்', கர்வ் போட்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளை இணைத்தது 'வெட்டு'. ஒருமுறை திருத்தம் ஃபைலை வைத்துக்கொள்ளாமல் விட்டதில், ஓர் எழுத்துக்காக அழைப்பிதழ் முழுவதையும் முதலிலிருந்து செய்தாராம்.

ஃபோல்டர்களைத் திறந்து காட்டினார். காதுகுத்து, தெரட்டிச் சீர், வளைகாப்பு, புதுமனை, அறுபதாம் கல்யாணம் என்று வீட்டு விசேஷங்களின் வரிசை. ஃபைல் பெயரில் முதலில் விசேஷம், பிறகு அகலம், எத்தனை நிற அட்டை, கடைசியில் தேதி. அகலத்தை ஏன் பெயரில் எழுத வேண்டும் என்று கேட்டேன். ஒரு மென்பொருள் அங்குலத்துக்கு 72 புள்ளி என்று கணக்கு வைக்கிறது, இன்னொன்று 96 என்று வைக்கிறது. முதலாவதில் 4 அங்குலத்துக்குச் செய்தது இரண்டாவதில் திறந்தால் 3 அங்குலமாகச் சுருங்கி நிற்கும். பெயரில் இருக்கும் எண்தான் சாட்சி. இணையத்தில் இலவசமாக எடுத்த படங்களுக்குத் தனி ஃபோல்டர். விற்பனைக்குப் பயன்படுத்தலாமா கூடாதா என்று ஒவ்வொன்றோடும் ஒரு குறிப்பு.

"இந்த ஒழுங்கெல்லாம் எங்கே கத்துக்கிட்டீங்க?" என்றேன். திண்ணையைக் காட்டினார்.

சுவரில் ஆணிவரிசை. பெரும்பாலும் காலி. இரண்டு ஆணிகளில் மட்டும் தகரத் தகடுகள் தொங்கின. அப்பா போர்டு எழுதியவர். மஞ்சள் மூட்டைக்கும் ஜவுளி பேலுக்கும் வியாபாரிகளின் குறி போட, தகரத்தில் உளி வைத்து எழுத்து வெட்டித் தந்தவர். தகட்டை மூட்டைமேல் வைத்து மைத்தூரிகையால் குத்தினால் எழுத்து இறங்கும். ஒவ்வொரு வியாபாரிக்கும் ஓர் ஆணி, அளவு வாரியாக வரிசை. 2000-க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் ஊரெங்கும் வந்து போர்டு வேலை அற்றுப்போனது. தகடுகள் பழைய இரும்புக்குப் போயின. ஜவுளிக் கடைக் கணக்கில் இருந்த மகள், குழந்தை பிறந்து வேலையை விட்டபின், சேர்த்த பணத்தில் இந்த மெஷினை வாங்கினார். முதல் மாதம் வெட்டிய தமிழ் எழுத்தெல்லாம் மேட்டிலேயே துண்டு துண்டாகக் கிடந்ததாம். அப்பா எழுந்து வந்து பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "எழுத்தப் பாக்காத கண்ணு. எது விழும்னு பாரு."

அந்த ஒரு வாக்கியத்தில் தொழில் முழுவதும் இருக்கிறது. தகட்டில் எழுத்து என்பது ஓட்டை. அங்கே புள்ளிக்குக் கவலை இல்லை, அது ஒரு சின்ன ஓட்டை. 'அ'வின் சுழிக்குள் இருக்கும் தகரம்தான் பிடிப்பில்லாமல் விழும். அதற்குப் பாலம் விட வேண்டும். கேக் அட்டையில் எழுத்து என்பது உடல். இங்கே சுழிக்குக் கவலை இல்லை. புள்ளி விழும், கொம்பு விழும், கால் தனியே நிற்கும். ஆங்கிலத்தில் கூட்டெழுத்து இருக்கிறது, ஒன்றோடொன்று கைகோத்து நிற்கும். 'ஹேப்பி பர்த்டே'யில் பிரியும் புள்ளி ஒன்றே ஒன்று. நம் வாழ்த்தில் ஐந்து. ஓலைச்சுவடிகளில் புள்ளியை விட்டுவிட்டே எழுதினார்கள், எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும் என்று காரணம் சொல்வதுண்டு. இந்தப் பெண் புள்ளியை விடவில்லை. காம்பு வைத்துப் பூவாக்கினார்.

இந்த வேலைக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டேன். விசேஷ அலங்காரம் எடுப்பவர் ஓர் அட்டைக்கு 40 ரூபாய் தருகிறார். வீட்டுக்காரரிடம் 150 வாங்குகிறார். அதுகூடப் போகட்டும். இரண்டு முறை கொடுத்த பிறகு, "அந்த ஃபைலை மட்டும் அனுப்பிடும்மா" என்று கேட்கிறார்கள். அனுப்பினால் அடுத்த நாளிலிருந்து வேறோர் இடத்தில் லேசரில் அக்ரிலிக்காக வெட்டிக்கொள்வார்கள். இவருக்கு அழைப்பு வராது. அனுப்ப மறுத்தாலும் வராது.

இதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கொதித்தது. அட்டைக்குக் காசு, பிளேடு தேய்வதற்குக் காசு, புள்ளி விழாமல் நிற்க ஒரு மனுஷி யோசித்த இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் காசு இல்லையா? அப்பாவின் தகட்டைத் திருட வேண்டுமானால் இன்னொருவர் உளி எடுத்து மறுபடி வெட்டியாக வேண்டும். மகளின் ஃபைலுக்கு ஒரு விரல் தட்டு போதும். பண்டம் எளிதாக நகலாகிறது என்பதால் உழைப்பு எளிதாகிவிடாது. அச்சகத்தில் டிசைன் சார்ஜ், பிளேட் சார்ஜ் என்று பில்லில் தனித் தனி வரி இருக்கிறது. யாரும் முகம் சுளிப்பதில்லை. வீட்டு முன்னறையில் ஒரு பெண் அதே வேலையைச் செய்தால் மட்டும் அது 'சும்மா கம்ப்யூட்டர்ல பண்றது' ஆகிவிடுகிறது.

இடையில் நிற்பவர்கள் உள்ளூரில் மட்டும் இல்லை. வீட்டுக் கட்டிங் மெஷின்களில் பெயர்பெற்ற அமெரிக்காவின் கிரிகட் நிறுவனம் 2021 மார்ச்சில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: சந்தா கட்டாதவர்கள் சொந்தப் படங்களை மாதத்துக்கு 20 மட்டுமே ஏற்றலாம். விலை கொடுத்து வாங்கிய மெஷினில் தன் கையால் வரைந்ததை வெட்டவே மாதக் காசு. பயன்படுத்துவோர் திரண்டு எதிர்த்ததும் சில நாட்களில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டுப் பின்வாங்கியது. அங்கே அவர்கள் ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். இங்கே ஒவ்வொரு பெண்ணும் ஒவ்வொரு முன்னறையில் தனியாக இருக்கிறார். ஊருக்குப் பத்துப் பேர் கூடி, 'வெட்டுக் கூலி வேறு, ஃபைல் கூலி வேறு' என்று ஒரே குரலில் சொன்னால் அலங்காரம் எடுப்பவர் எங்கே போவார்? சொன்னேன். "சொல்லலாங்கக்கா" என்றார். அன்று மாலைக்குள் ஒரு வளைகாப்பு அட்டை முடிக்க வேண்டியிருந்தது.

'வளைகாப்பு' திரையில் இருந்தது. 'ளை'யின் கொம்பு தனியே நின்றது. அடியில் கோடு போட்டு இணைத்தால் அழகு கெடுகிறது. அப்பா மெல்ல எழுந்து ஆணியிலிருந்து ஒரு தகட்டை எடுத்தார். 'ஆலை' என்று வெட்டியிருந்தது. யானைத் துதிக்கை போல முன்னால் வளைந்து, எழுத்தோடு ஒட்டிய பழைய 'லை'. 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்தபோது லை, ளை, ணை, னை எல்லாம் அந்தத் துதிக்கையை இழந்தன. அதற்கு முன்பு, அப்பா இளைஞராக இருந்தபோது வெட்டிய தகடு இது.

நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் 'ளை'யைத் துதிக்கையோடு வரைந்தார். கை நடுங்கியது, கோடு நடுங்கவில்லை. மகள் போனில் படம் எடுத்துக் கணினிக்கு அனுப்பினார், டாக்குமெண்டாக. டிரேஸ் செய்து, முடிச்சுகளைக் குறைத்து, பழைய 'ளை'யை வார்த்தைக்குள் வைத்தார். 'ப்'பின் புள்ளிக்குக் காம்பு. மூலம், திருத்தம், வெட்டு என மூன்றையும் வைத்துவிட்டு மெஷினை ஓட்டினார்.

மேட்டிலிருந்து உரித்த அட்டையை அப்பாவிடம் நீட்டினார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஈரத்துணியை உதறுவதுபோல ஓர் உதறு.

எதுவும் விழவில்லை.