பிரேக்கைப் பத்தி யாரும் கேக்கல

எங்கட காக்காட ஸ்டார்லட்டைத் தெரியாத பொடியன் எங்கட பக்கம் குறைவு. ஜப்பானில இருந்து வந்த பழைய ஈபி82. 2020 மார்ச்சில வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு இந்த மாதிரிப் பழைய கார்களுக்கும் பொன் விலையாப் போச்சு. காக்கா அதை வாங்கினது டர்போ போட்டு ரேஸ் ஓடுறதுக்கு. உம்மாட ரெண்டு காப்பும் அடகுக்குப் போனது அதுக்குத்தான். வாப்பாக்கு விஷயம் பிறகுதான் தெரியும்.

டர்போ எண்டா மந்திரம் ஒண்டும் இல்ல. சைலன்சர் வழியா வீணாப் போற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுத்தும். அதே அச்சில மறுபக்கம் இருக்கிற சக்கரம் வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும். காத்துக் கூடினா பெற்றோலும் கூட எரிக்கலாம், வலுவும் கூடும். டொயோட்டாவே இந்தக் காரை டர்போவோட செய்து வித்திருக்கு. அதே 1331 சிசி, ஆனா 135 குதிரைவலு. டர்போ இல்லாத எஞ்சின் 100ஐத் தாண்டாது.

ஆனா டொயோட்டா சும்மா டர்போவை மட்டும் பூட்டல. எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்குற விகிதத்தை 8.2க்குக் குறைச்சுத்தான் செய்தது. எங்கட எஞ்சினில அது 9.5க்கும் மேல. ஏற்கனவே இறுக்கமா அமுக்குற எஞ்சினுக்குள்ள இன்னும் காத்தைத் திணிச்சா, பெற்றோல் நேரந்தப்பித் தானா வெடிக்கத் தொடங்கும். கராஜில அதை நொக்கிங் எண்டு சொல்லுவாங்க.

காக்கா பஞ்சிகாவத்தையில பழைய டர்போ ஒண்டைத் தேடி எடுத்து, இருந்த எஞ்சினிலேயே பூட்டினார். ஒக்டேன் 95 அடிச்சாப் போதும் எண்டு நம்பினம். மூணாம் நாள் ஹெட் காஸ்கட் போயிட்டு. ரேடியேட்டருக்குள்ள எண்ணெய், எண்ணெய்க்குள்ள தண்ணி. ஒரு காப்பு அதோட சரி.

ரெண்டாந்தரம் ஒழுங்காச் செய்தம். தடிச்ச காஸ்கட், பெரிய இன்ஜெக்டர், காத்தைக் குளிராக்க இன்டர்கூலர், கம்ப்யூட்டருக்குப் புது டியூனிங். பாக்க வந்த பொடியன்மார் எல்லாரும் கேட்டது ஒண்டே ஒண்டுதான்: "எவ்வளவு போகும்?"

நிந்தவூர் தாண்டிக் களியோடைப் பாலத்துக்குப் போற ரோட்டில, சுபஹுக்குப் பிறகு இருட்டுக் கலையாத நேரம், ஓட்டிப் பாத்தம். நான் பக்கத்துச் சீட்டில. வயல் பக்கமா இருந்து ஒருத்தர் சைக்கிளை உருட்டிக்கிட்டு ரோட்டுக்கு ஏறினார். காக்கா பிரேக்கை மிதிச்சார். கார் நிக்கல. அவரைத் தாண்டிப் போய்த்தான் நிண்டுச்சு. ஒரு முழம் இடைவெளி இருந்திருக்கும். அந்த மனிசன் ஏசவும் இல்ல. எங்களையே பாத்துக்கிட்டு நிண்டார். எஞ்சினுக்கு இவ்வளவு செலவழிச்ச நாங்க, பிரேக்கில ஒரு ஆணியும் மாத்தல.

கொஞ்ச நாளையில, 2024 ஏப்ரல் 21, தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் ரேசில கார் ஒண்டு தடத்தை விட்டு விலகிக் கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சது. 7 பேர் மௌத்து. அதில 8 வயசுப் பிள்ளை ஒண்டும். ரேசுக்கெண்டே இருக்கிற இடத்திலேயே அப்படி எண்டா, எங்கட ரோட்டில?

அந்தச் செய்தியை வீட்டில எல்லாரும் இருந்து பாத்தம். களியோடைக் கதையை அண்டைக்குத்தான் காக்கா வாப்பாட்டச் சொன்னார், காப்புக் கதையையும் சேத்து. வாப்பா முப்பது வருஷமாத் தோணியில கடலுக்குப் போறவர். அடிப்பார் எண்டு நினைச்சன். "பெரிய எஞ்சின் பூட்டுறவன் முதல்ல நங்கூரத்தப் பாக்கணும் மகன்" எண்டு மட்டும் சொல்லிட்டுத் தொழப் போயிட்டார்.

இப்ப பெரிய டிஸ்க் பிரேக் பூட்டியாச்சு. ரோல் கேஜ் வெல்டிங் பாதியில நிக்கிது. அது முடிஞ்சு, பெல்ட்டும் ஹெல்மெட்டும் வாங்கினாப் பிறகு கட்டுக்குருந்தத் தடத்துக்குக் கொண்டு போறதுதான் திட்டம். அதுவரைக்கும் கார் முத்தத்தில, சாவி வாப்பாட்ட. ஒரு காப்பை மீட்டுட்டம். மத்ததுக்குக் காக்கா சம்பளத்தில மிச்சம் பிடிக்கிறார்.

இப்பவும் பொடியன்மார் வருவாங்க. "எவ்வளவு போகும்?" எண்டு கேப்பாங்க. காக்கா பொனட்டைத் திறக்கிறதில்ல. முன் டயரைக் கழட்டிக் காட்டுறார்.