நீல ஊற்றில் ஒரு பகல்

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் வடக்கு நோக்கிச் செல்லும் ஆறு ஒன்று உண்டு. செயின்ட் ஜான்ஸ் என்பது அதன் பெயர். ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுடையது; ஆயினும் நிலச்சரிவு மிகக் குறைவாதலால் அது ஓடுவதே கண்ணுக்குப் புலப்படாது. அதன் கரையிலுள்ள புளூ ஸ்பிரிங் பூங்காவுக்குச் சனவரி மாதத்து விடியற்பொழுதொன்றில் ஒரு தமிழ்க் குடும்பம் வந்து சேர்ந்தது. ஆர்லாண்டோவில் பணிபுரியும் மகன், மருமகள், பத்து வயதுப் பேத்தி, பாக் நீரிணைக் கரையிலிருந்து வந்திருந்த தாத்தா என நால்வர். கடுங்குளிர் நாள்களில் பூங்கா விரைவில் நிரம்பிவிடும். ஆதலால் வாயில் திறக்கும் முன்பே வண்டிகள் வரிசையில் நின்றன. எதைக் காண வந்திருக்கிறோம் என்பது பெரியவருக்கு விளங்கவில்லை. மானட்டி என்று பேத்தி சொன்ன பெயர் அவருக்கு எதையும் உணர்த்தவில்லை.

ஓக் மரங்களின் கிளைகளிலிருந்து சாம்பல்நிறப் பாசிபோல் ஒருவகைச் செடி சடைசடையாய்த் தொங்கியது. அதனூடே மரப்பலகைப் பாதை நீண்டு சென்றது. கீழே ஊற்றுநீர் ஆற்றை நோக்கி நகர, அதன்மீது வெண்ணிற ஆவி எழுந்துகொண்டிருந்தது. நிலத்தடியிலிருந்து நாள்தோறும் பலகோடி லிட்டர் பெருகும் இந்நீரின் வெப்பம் கோடையிலும் குளிரிலும் 22 அல்லது 23 பாகை செல்சியசாகவே இருக்கும். ஆறு குளிர்ந்துபோகும் பருவத்தில் அவ்வுயிர்கள் இங்குத் தஞ்சம் புகுவது அதனால்தான். 20 பாகைக்குக் கீழே இறங்கிய நீரில் நெடுநாள் தங்கினால் அவை நோயுற்று மடியும்.

முதலில் பாறைகள் என்றே தோன்றின. பிறகு ஒரு பாறை மெல்ல மேலெழுந்தது. இரு மூக்குத் துளைகள் திறந்தன, ‘புஸ்’ என்று மூச்சு வெளிவந்தது, மீண்டும் அமிழ்ந்தது.

பெரியவர் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டார்.

“இது ஆவுளியா அல்லவா!” என்றார்.

முற்றிலும் சரியன்று, முற்றிலும் பிழையுமன்று. நம் கடற்கரையின் ஆவுளியாவும் இங்குள்ள மானட்டியும் ஒரே வரிசையைச் சேர்ந்த பாலூட்டிகள். நிலத்தில் அவற்றுக்கு நெருங்கிய உறவு யானை. ஆவுளியாவின் வால் கவைபட்டிருக்கும். மானட்டியின் வால் துடுப்புபோல் வட்டமாக இருக்கும். ஆவுளியா கடலைவிட்டு ஆற்றுக்குள் வருவதில்லை. மானட்டி இரண்டிலும் வாழும். வாலைக் கண்ட பெரியவர் தாமே அவ்வேறுபாட்டைச் சொல்லிவிட்டார்.

அருகிலிருந்த தன்னார்வலர் ஒருவர், அவற்றின் முதுகில் குறுக்காகக் கிடந்த வெண்தழும்புகளைச் சுட்டிக்காட்டினார். விசைப்படகுகளின் சுழல்விசிறிகள் இட்ட வெட்டுகள் அவை. ஒவ்வொன்றன் தழும்பும் வெவ்வேறாதலால், அவற்றைக் கொண்டே ஆய்வாளர்கள் இன்னது இன்னதென அடையாளம் காண்கின்றனர், பெயரும் இடுகின்றனர். காயத்தால் அறியப்படும் உயிர் என்பதைப் பேத்தியால் ஏற்க முடியவில்லை. தழும்பில்லாதவற்றை எப்படி அறிவார்கள் என்று கேட்டாள். அத்தகையவை குறைவு என்றே விடை வந்தது.

நண்பகலில் மரத்தடி மேசையில் புளிச்சோற்றுப் பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன. எதிரே 1872ஆம் ஆண்டில் கட்டப்பட்ட மரவீடு ஒன்று நின்றது. நீராவிப் படகுகள் இத்துறையில் ஆரஞ்சு ஏற்றிச்சென்ற காலத்தின் எச்சம் அது. மகனும் மருமகளும் அதைப் பார்க்கச் சென்றனர். பேத்தி மட்டும் தாத்தாவின் பக்கத்திலேயே இருந்தாள்.

“உங்கள் ஊரில் எத்தனை பார்த்தீர்கள், தாத்தா?”

அவர் உடனே விடை கூறவில்லை. பிறகு சொன்னார்: “பக்கத்தில் பார்த்தது ஒன்றுதான், தாயி. அது வலையில் கிடந்தது.”

அறுபது ஆண்டுகளுக்கு முன் நடந்தது அது. திருக்கை வலையைத் தூக்கத் தந்தையுடன் வள்ளத்தில் சென்றிருந்தார். மீனென்றால் நீருக்குள் பிழைத்திருக்கும். ஆவுளியாவோ மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். வலை அதை மேலே விடவில்லை. இறைச்சி ஊருக்கெல்லாம் பங்கிடப்பட்டது. “நானும் தின்றேன்” என்றார். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், அவர் விடவில்லை.

பேத்தி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இப்பூங்கா தொடங்கப்பட்டது 1972இல். அதே ஆண்டில்தான் இந்தியாவில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இவ்வூற்றில் விரல்விட்டு எண்ணத்தக்க மானட்டிகளே இருந்தன. இன்று குளிர்நாளில் பல நூறு கூடுகின்றன. பாக் நீரிணையிலோ, 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு ஆவுளியாவுக்கெனக் காப்பகமாக அறிவித்தது 2022இல்தான். எனினும் இங்கும் எல்லாம் நலமென்று கூறிவிட முடியாது. 2021இல் மட்டும் புளோரிடாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மாண்டன. கீழைக்கடற்கரைக் காயலில் நீர் மாசடைந்து கடற்புல் அழிந்ததால் பல பட்டினியால் இறந்தன. வெந்நீர் இருந்தது; புல் இல்லை.

பிற்பகல் வெயில் ஏறியதும் சில மானட்டிகள் இரைதேடி ஆற்றை நோக்கிப் புறப்பட்டன. முதுகில் மூன்று வெட்டுகளுடைய ஒன்று, குட்டியோடு பலகைப் பாதைக்கு அடியில் கடந்து சென்றது. ஊற்று ஆற்றோடு கலக்குமிடத்தில் தெளிந்த நீர் முடிந்து, தேநீர்நிறக் கலங்கல் தொடங்குகிறது. இரண்டும் அதற்குள் மறைந்தன. தொலைவில் ஒரு படகின் ஓசை கேட்டது.

மகன் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு அழைத்தார். பெரியவர் அசையவில்லை, உதடுகள் மட்டும் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

“போகலாமா, தாத்தா?”

“இரு தாயி. அது மூச்சுவிட மேலே வரட்டும்.”

பேத்தியும் கம்பியைப் பற்றிக்கொண்டு, அவர் விட்ட எண்ணிலிருந்து எண்ணத் தொடங்கினாள்.