சுங்குடியில் கூடிய புள்ளிகள்

புனேவுக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வாஷிங் மெஷின் ஓட்டுவதில் நான் கில்லாடி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் அந்த நினைப்பு போய்விட்டது.

மதுரையிலிருந்து அம்மா வந்திருந்தார். தங்கமணி ஆபீஸ் வேலையாக டெல்லி போயிருந்தார். அம்மாவுக்கு எதற்குச் சிரமம் என்று எல்லாத் துணியையும் நானே மெஷினில் போட்டேன். அதில் அம்மாவின் அரக்கு நிறச் சுங்குடிப் புடவையும் சேர்ந்துவிட்டது. அப்பா ரிட்டயர் ஆன வருஷம் வாங்கிக் கொடுத்தது. இப்போது அப்பா இல்லை.

ஆன்சைட் போய்வந்த நண்பர் கொடுத்த வெளிநாட்டு பவுடர் இருந்தது. டிராயரில் போடச் சோம்பல்பட்டு, துணி மேலேயே ஒரு கப் தூவி, 60 டிகிரியில் ஓட்டினேன்.

வெளியே எடுத்தால், அரக்கு மங்கிச் செங்கல் நிறம். அங்கங்கே மிளகு அளவில் வெளுத்த புள்ளிகள் வேறு.

சாயம் போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படியென்றால் கூடவே போட்ட என் வெள்ளை பனியன் சிவந்திருக்க வேண்டுமே! அது பளிச்சென்று இருந்தது. அப்புறம்தான் டப்பாவைப் படித்தேன். சோடியம் பெர்கார்பனேட். இத்தனைக்கும் நான் படித்தது கெமிஸ்ட்ரி. (சிரிக்காதீர்கள்!)

பெர்கார்பனேட் தண்ணீரில் கரைந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். கறையை வெளுப்பது அதுதான். சூடு ஏற ஏற வேகமும் ஏறும். சாயம் கரைந்து போனால் நிறம் தண்ணீருக்குப் போகிறது. பிளீச் அப்படியில்லை, சாய மூலக்கூறையே உடைத்துவிடுகிறது. உடைந்தது திரும்பி வராது. கரையாத பவுடர் ஈரத்துணியில் ஒட்டினால், அந்த இடத்தில் மட்டும் பிளீச் கெட்டியாக வேலை செய்து புள்ளி விழும்.

இது ஆக்சிஜன் பிளீச், கொஞ்சம் சாது. சாயம் கெட்டியான துணிகள் இதைத் தாங்கிவிடும். பாட்டிலில் திரவமாக வரும் குளோரின் பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், முரடு. பெரும்பாலான கலர் துணிகளுக்கு ஆகாது. பட்டிலும் கம்பளியிலும் பட்டால் நூலையே அரித்துவிடும்.

எனவே மக்களே, டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கலர் துணிக்கென்று பிளீச் இல்லாமல் விற்கும் பவுடரோ, லிக்விடோ வாங்குங்கள். பிளீச் உள்ள பவுடர்தான் என்றால், வெந்நீரில் கொஞ்சம் கரைத்து, புடவையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துப் பத்து நிமிஷம் கழித்துப் பாருங்கள். நிறம் மாறினால் அந்தப் புடவை மெஷின் பக்கமே போக வேண்டாம். அம்மா இத்தனை வருஷம் பச்சைத் தண்ணீரில் கையால் அலசி, நிழலில்தான் காயப்போட்டு வந்தார். அதனால்தான் அந்த அரக்கு அப்படியே நின்றது.

புடவையை நீட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா விரித்துப் பார்த்துவிட்டு, "சுங்குடியில நாலு புள்ளி கூடிப்போச்சு, அவ்வளவுதானடா. விடு" என்றார்.

மறுநாள் அதையேதான் கட்டிக்கொண்டார். கொசுவத்தை இரண்டு தடவை பிரித்து மடித்துக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கில் பார்த்தேன். வெளியே வந்தபோது ஒரு புள்ளிகூட கண்ணில் படவில்லை.